எங்கள் தெரு எடுத்த டெல்லிச் சாவு

பிரதமரைச் சுட்டுக் கொன்ற நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் அவரவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறது. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு, பஸ் இல்லாமல் இரண்டு நாள் நடந்தே ஊர் வந்தவர் எங்கள் தெருவில் இருக்கிறார். என் மருமகள் அப்போது கைக்குழந்தை. அவளுக்குக்கூட, தன் அம்மா பால் கொடுத்துக்கொண்டே அழுத கதை தெரியும். நான் மட்டும் அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து உள்ளே போய்விடுவேன். உனக்கு ஞாபகம் இல்லையா என்று கேட்பார்கள். ஞாபகம் இருப்பதால்தான் போகிறேன்.

கீழ்வேளூருக்கு உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. மெட்ராசில் குடியிருந்த ஒரு மிராசுதாரின் நிலத்தில் நாலு மா, அதாவது ஏக்கரும் கொஞ்சமும், எங்கள் வீட்டுக் குத்தகையில் இருந்தது. என் மாமனார் அதே மிராசில் பண்ணையாளாக இருந்தவர். சங்கம் வந்து, சண்டை வந்து, கோர்ட்டுக்கு நடையாய் நடந்து, குத்தகைப் பதிவில் தன் பெயரை ஏற்றியவர். அந்த வருஷம் ஆடியில் குறுவையை நட்டுவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

குறுவை அறுத்த கையோடு மிராசுதாரின் காரியஸ்தரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டில் ஏழாவது வரை படித்தவள் நான்தான் என்பதால் நானே வாசித்தேன். பதிவு பெற்ற குத்தகைதாரர் காலமாகிவிட்டபடியாலும், வாரிசுகள் சாகுபடியில் இல்லாதபடியாலும் என்று போயிற்று. பாதி புரிந்தது. புரியாத பாதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் எதற்கும் அசையாதவர். "எல்லாம் ஆவும், சோத்தப் போடு" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்து அண்ணனிடம் போனேன். அவர் என் வீட்டுக்காரருக்கு அண்ணன் முறை, சிவப்புக் கொடிக்காரர்.

"பயப்படாத தங்கச்சி. நெலம் யாரு கையில இருக்குன்னு காயிதம் சொல்லாது, வயல்தான் சொல்லும். தாளடிய நட்டுடுங்க. பயிர் நிக்கிற வயல்லேர்ந்து எவனும் ஒங்கள எறக்க முடியாது. தரிசாக் கெடந்துச்சுன்னா அப்பறம் அவன் சொல்றதுதான் கத."

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான், குறுவை அறுத்த வயலில் அடுத்த போகமான தாளடியை நட்டுவிட வேண்டும். முதலில் விட்ட நாற்று புரட்டாசி மழையில் அழுகிப் போயிற்று. இரண்டாவது விட்டது தப்பித்தது. அது போனால் மறுபடி விட விதையுமில்லை, பருவமுமில்லை. பகலில் நாலு தடவையாவது நாற்றங்காலைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். "நீ பாத்து பாத்தே அது வளர மாட்டேங்குது" என்பார் வீட்டுக்காரர்.

ஐப்பசி நடுவில் ஒரு புதன்கிழமை காலையில் நாற்றைப் பறித்தார்கள். பறித்துக் கழுவி, சிறு கட்டுகளாக, முடி முடியாகக் கட்டி, வயலோரத் தண்ணீரில் அடுக்கியாயிற்று. மறுநாள் காலையில் நடவு. இருபது பெண்களுக்குச் சொல்லியிருந்தது. உச்சி வேளைக்குக் கீழ்வேளூரிலிருந்து ஒரு ஆள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, கடையெல்லாம் அடைக்கிறார்கள், பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், பெரிய சாவு என்றான். யார் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. அப்போது முதலமைச்சர் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் நோவாகக் கிடந்தார். அவர்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு தெருவில் உட்கார்ந்து, அவர் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு ஆள் வந்து, அவர் நன்றாக இருக்கிறார், டெல்லியில் பிரதமரைச் சுட்டுவிட்டார்கள் என்றான். அப்புறம் அதே ஒப்பாரி, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பிற்று.

அதில் பெரிய குரல் அத்தையுடையது. எனக்கு அத்தை முறை. நடவுக்கு ஆள் கூட்டிவருகிறவர். அவர் இறங்காத வயலில் வேறு எந்தப் பெண்ணும் இறங்கமாட்டாள். நாகப்பட்டினத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பிரதமரைத் தூரத்திலிருந்து பார்த்தவர். ரைஸ் மில் காலண்டரில் வந்த அந்தம்மா படத்தை வீட்டில் மாட்டி வைத்திருந்தார். "கையாட்டினாங்க பாரு, என்னையப் பாத்துத்தான் ஆட்டினாங்க" என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

பொழுது சாயும்போது ரேடியோவும் உறுதியாகச் சொல்லிவிட்டது. நான் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து மெல்லக் கேட்டேன். "அத்த, காலையில நடவு..."

"நடவா? கெட்டுச்சு போ. பொணம் கெடக்கையில வயல்ல எறங்குவாளா எவளாவது?"

எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். தெருவில் சாவு விழுந்தால், பிணத்தை எடுத்து, எல்லாரும் குளித்துவிட்டு வருகிறவரை ஏர் பூட்டமாட்டார்கள், நாற்றைத் தொடமாட்டார்கள். ஆனால் காலையில் செத்தால் சாயங்காலம் எடுத்துவிடுவோம். ஒரு வேளைக்கு மேல் வயல் காத்திருந்ததில்லை. டெல்லிச் சாவுக்கும் அந்த வழக்கத்தையே வைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சங்கத்து அண்ணனாவது எடுத்துச் சொல்லுவார் என்று பார்த்தேன்.

"நேத்துவரைக்கும் அந்தம்மாவ மேடையில ஏசினவன் நான். அதுக்காவ பொணத்துக்கு முன்னால மம்பட்டியத் தூக்கிட்டுப் போவ முடியுமா தங்கச்சி?" என்றார்.

"எப்பண்ணே எடுப்பாங்க?"

"சனிக்கெழம சாயந்தரம்னு சொல்றான்."

அப்படியானால் புதன் பறித்த நாற்றுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நடவு. வியாழன் காலையில் ஒரு முடிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. நடு இலைகள் மஞ்சளிக்கத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு முடியாகத் தளர்த்தி, வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரில் வைத்தேன். நானும் வீட்டுக்காரருமாவது நடலாம் என்று நினைத்தேன். ஆனால் தெருச் சாவில் தனியாக வயலில் இறங்கினவளுக்கு, நாளைக்கு அவள் வீட்டுச் சாவில் தோள் கொடுக்க யார் வருவார்கள்? டீக்கடை ரேடியோவில் பாட்டே இல்லை, ஒரே இழுப்பாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அந்தம்மாவுக்காக அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கும் அழுகை வந்தது. அது அந்த நாலு மாவுக்காக வந்தது.

மத்தியானம் அத்தை வீட்டுக்குப் போனேன். படத்துக்குக் கீழே ஒரு அகல் எரிந்தது. அத்தை முந்தானையை விரித்துப் படுத்திருந்தார்.

"அத்த, டெல்லியில கெடக்கிறவங்கள டெல்லிக்காரங்க எடுப்பாங்க. நம்ம தெருவுல விழுந்த சாவ நாம எடுக்க வேணாமா?"

"என்னாடி சொல்ற?"

"ரெண்டு நாளா குந்தியே கெடக்குறோம். ஒரு மால உண்டா? ஒரு வாய்க்கரிசி உண்டா? யாருமில்லாத அனாதப் பொணமாட்டம் விட்டுட்டமே அத்த."

அத்தை எழுந்து உட்கார்ந்தார். அனாதை என்ற சொல் அவர் முகத்தில் போய் அறைந்ததைப் பார்த்தேன். வாயிலிருந்து அது வெளியே வரும்போதே எனக்குக் கூசிற்று. ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் அத்தை தெருவைக் கூட்டிவிட்டார். "நாளைக்குக் காலையில எடுக்குறோம். நம்ம பங்குக்கு நாம எடுக்குறோம்."

"யாரு யோசன இது?" என்று கேட்டார் சங்கத்து அண்ணன்.

"இந்தப் பொண்ணுதான். நமக்கெல்லாம் தோணல, அதுக்குத் தோணுச்சு பாரு!"

அண்ணன் என்னைப் பார்த்தார். "தோணும், தோணும். ஏன் தோணாது?" என்றார். அதோடு விட்டுவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு நாற்காலியில் படத்தை வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, நாலு பேர் தூக்கினார்கள். பறை அடிப்பதா என்று ஒரு பேச்சு வந்தது. "ஊர்க்காரன் சாவுக்கு அடிக்கமாட்டோம்னு சங்கத்துல முடிவெடுத்துட்டு இங்க மட்டும் அடிக்கிறதா? சும்மாவே நடந்து போவோம்" என்றார் அண்ணன். அப்படியே பேச்சில்லாமல் ஆற்றங்கரைக்கு நடந்தோம். ஊர்த் தெருக்காரர்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். கொஞ்சம் பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். எங்கள் சாவுக்கு அவர்கள் நடந்து வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கரைக்குப் போன பிறகுதான் ஒரு சிக்கல். பிணம் இல்லை. என்னத்தை எரிப்பது? ஒருவன் படத்தின் பக்கம் தீப்பெட்டியை எடுத்தான்.

"டேய், கைய ஒடிச்சுடுவேன்! உசுரோட இருக்குற படம்டா அது" என்று அத்தை நாற்காலியை மறித்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு வாழையிலையைப் போட்டு, ஆளுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி வைத்து, அதை ஆற்றில் விட்டோம். இலை கொஞ்ச தூரம் போய்ச் சுழலில் மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு ஆள் இறங்கித் தள்ளிவிட்டான். எல்லாரும் தலை முழுகினோம். அத்தை படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார்.

"சாவு எடுத்தாச்சு. வயல்ல எறங்கறவ எறங்கலாம்" என்றார் தெருமுனையில் நின்று.

இருபது பேரில் எட்டுப் பேர்தான் அவர் பின்னால் வந்தார்கள். "படத்தத் தூக்கிட்டுப் போயிட்டு வந்தா பொணம் எடுத்ததாயிடுமா?" என்று மற்றவர்கள் நின்றுகொண்டார்கள். எட்டுப் பேரும் அத்தையும் நானும் ஈரப் புடவையோடு இறங்கினோம். மஞ்சளித்த நாற்றைக் கழித்துவிட்டு நட்டோம். பொழுது போவதற்குள் ஒன்றரை மா முடிந்தது. சனிக்கிழமை விடிந்ததும் மீதியில் இறங்கினோம்.

சனிக்கிழமை பிற்பகல் சங்கத்து அண்ணன் ஒரு டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தார். கூத்தாநல்லூர் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் வீட்டில் கேட்டு வாங்கி வந்தது. இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. கூட்டத்தின் இரைச்சல், மந்திரம், இரைச்சல். ஒரு இடத்தில் சொல்கிறவரின் குரல் உடைந்தது. "கொள்ளி வச்சுட்டாங்க" என்றார் அண்ணன். எல்லாரும் நிமிர்ந்தோம். அத்தை கையில் நாற்றோடு சேற்றில் அப்படியே நின்றார். அழவில்லை. என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். குனிந்து, விட்ட இடத்திலிருந்து நடத் தொடங்கினார். அந்தப் பார்வை பல மாதம் என்னைப் படுத்திற்று.

பயிர் பச்சை பிடித்துவிட்டது. காரியஸ்தர் கார்த்திகையில் வந்து வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார். ஆனாலும் வழக்குப் போட்டார்கள். வாரிசுகள் நடவில்லை, வேறு யாரோ நட்டுவிட்டு இவர்கள் பெயரைச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். விசாரணைக்கு அத்தையைத்தான் சாட்சியாகக் கூப்பிட வேண்டும் என்றார் அண்ணன். அத்தை வருவாரா, வந்து என்ன சொல்லுவார்?

வந்தார். நாகப்பட்டினத்து ஆபீசில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அதிகாரிக்கு முன்னால் நின்றார்.

"எப்போம்மா நட்டாங்க? நாள் தெரியுமா?"

"தெரியாம என்னங்க? அந்தம்மாவ டெல்லியில எரிச்சாங்களே, அன்னிக்கு சாயந்தரம் நட்டு முடிச்சோம். நானும் நட்டேன், இந்தப் பொண்ணும் நட்டுது, இது புருசன் நாத்து வீசினான். ஒங்களுக்கு மறந்துபோச்சுங்களா அந்த நாளு?"

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் சற்று ஜன்னல் பக்கம் பார்த்தார். "மறக்கலம்மா" என்றார். எதிர்த்தரப்பு ஆள் என்னென்னவோ கேட்டார். நாளை மாற்றிச் சொல்ல வைக்க முடியவில்லை. அந்த நாளை யாரால் மாற்ற முடியும்? பிறகு ஒரு நாள் பதிவில் என் வீட்டுக்காரர் பெயர் ஏறிற்று. நாலு மா இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது.

விசாரணை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு அனாதன்னியே, நீ எதுக்குச் சொன்னேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல நான் ரோட்டுப் பக்கம் திரும்பினேன்.

"அந்த ஒரு சொல்லு சொல்லாம இருந்திருக்கலாம்டி. வயலுக்கு வா அத்தன்னு கேட்டிருந்தா நாலு ஏச்சு ஏசிட்டு வந்திருப்பேன்."

"வந்திருப்பீங்களா அத்த?"

அத்தை யோசித்தார். "தெரியல" என்றார். "பஸ்ஸு வருது, ஏறு."