ஏறாவூரிலிருந்து வந்த ஒரு மைனஸ்

ஜப்பானின் இந்த மலையூருக்கு வந்த முதல் வாரம், தங்கியிருந்த சிறு விடுதியில் குளித்துவிட்டு, அவர்கள் தந்த யுகாதா என்ற பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு சாப்பாட்டறைக்குப் போனேன். விடுதிக்கார அம்மா என்னைக் கண்டதும் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு ஓடிவந்தார். வலப்பக்கம் மேலே இருந்த மடிப்பைப் பிரித்து, இடப்பக்கம் மேலே வரும்படி கட்டிவிட்டார். ஏன் என்று சைகையில் கேட்டேன். கண்களை மூடி, கைகளை மார்பின் மேல் குறுக்கே வைத்துக் காட்டினார். வலப்பக்கம் மேலே வருவது படுக்கப் போகும்போது கட்டுகிற முறை என்று விளங்கிக்கொண்டு, அன்று அப்படியே கவனமாகக் கட்டிக்கொண்டு படுத்தேன். பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள் என்று மறுநாள் ஆய்வுக்கூடத்தில் சொன்னார்கள். உடனே றிஸானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “அப்ப ஒரு ராவு முழுக்க மையித்தாக் கிடந்திருக்காய்கா!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

றிஸானா ஏறாவூர்க்காரி. நான் மண்டூர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே வாங்கில் இருந்து பௌதிகம் படித்தோம். கெட்டிக்காரி அவள்தான். வெளிநாட்டில் மேலே படிக்க இருவருக்கும் இடம் கிடைத்தது. அவளுடைய வாப்பா பாரிசவாதத்தில் விழுந்தார்; அவரைப் பார்த்துக்கொள்ள அவள் ஊரோடு நின்றுவிட்டாள். இப்போது உயர்தர மாணவிகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறாள். அவளைப் பார்த்து யாராவது “ஐயோ பாவம்” என்றால் கோபம் வந்துவிடும். ஆகவே நானும் சொன்னதில்லை.

என் வேலையும் இடமும் வலமும் சம்பந்தப்பட்டதுதான். நியூத்திரினோ என்ற துகள் நம்மையும் மலையையும் ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கிறது. இதுவரை கண்ட நியூத்திரினோக்கள் எல்லாமே இடக்கைப் பக்கமாகச் சுழல்பவை. அதன் கண்ணாடிப் பிம்பத்தை, அதாவது வலக்கைப் பக்கமாகச் சுழலும் நியூத்திரினோவை, யாரும் கண்டதில்லை. ஆனால் கண்ணாடியில் திருப்புவதோடு துகளை எதிர்த்துகளாகவும் மாற்றிப் பாருங்கள். வலமாகச் சுழலும் எதிர்நியூத்திரினோ கிடைக்கும். அது உண்டு. இந்த இரட்டை மாற்றத்துக்குப் பிறகாவது இயற்கை இரண்டையும் ஒரே விதமாக நடத்துகிறதா? நியூத்திரினோவில் மூன்று வகை. பறக்கும்போதே ஒரு வகை இன்னொன்றாக மாறும். கடலோரத்திலிருந்து முதலில் நியூத்திரினோவையும் பிறகு எதிர்நியூத்திரினோவையும் அனுப்பி, மலைக்கடியில் உள்ள தண்ணீர்த் தாங்கியில் பிடித்து, எது எவ்வளவு மாறியது என்று ஒப்பிடுகிறோம். வித்தியாசம் இருந்தால் அந்தச் சமச்சீர் உடைந்தது என்று பொருள். ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று அழித்த பிறகும் நாமெல்லாம் எப்படி மிஞ்சினோம் என்பதற்கு ஒரு தடயம் அங்கே இருக்கலாம்.

போன வசந்தத்தில் என் கணக்கில் அந்த வித்தியாசம் பெரிதாக வந்தது. இரண்டு நாளில் குழுக் கூட்டம். சந்தோஷம் தாங்காமல் றிஸானாவிடம் சொன்னேன்.

“பொறுகா,” என்றாள். “அதுகள் நிலத்துக்குள்ளாலதானே வருது? நிலம் பொருளால ஆனது. எதிர்ப்பொருளால ஆன நிலம் இல்லையே. அப்ப நிலமே ரெண்டையும் ரெண்டு விதமா நடத்தும். ஒங்கட ஊட்டுக்குப் பாதையில வந்தது ஞாபகமா?”

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். ஒருநாள் அவள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள்.

“போகக்குள்ள கெதியாப் போச்சி. வரக்குள்ள இழுபட்டுது. அது வாவிட குத்தமா, காத்துட குத்தமா?”

“நிலத்துட பங்க நான் கழிச்சித்தான் இரிக்கன்.”

“எதிர்நியூத்திரினோவுக்கு மைனஸ் போட்டியா?”

“போட்டிருப்பன்.”

“இருப்பனா? பாத்திட்டுச் சொல்லு.”

கணினியைத் திறந்து பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே குறிதான் இருந்தது. மைனஸ் இல்லை. அதைப் போட்டதும், நான் கொண்டாடிய வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது. மிஞ்சியது ஒரு சாயல் மட்டும். உண்டென்று அடித்துச் சொல்லவும் முடியாது, இல்லையென்று தள்ளவும் முடியாது. வெட்கத்தில் காது சுட்டது. அவளிடம் சொன்னபோது அழுதுவிட்டேன்.

“மிச்சமிருக்கிறதுதானே உண்மை. அத வெச்சிக்க,” என்றாள்.

கூட்டத்தில் பிழையை மறைக்காமல் சொன்னேன். கடைசிப் பக்கத்தில், ‘கண்டுபிடித்தவர்: றிஸானா, ஏறாவூர்’ என்று போட்டிருந்தேன். எங்கள் குழுத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “ஏறாவூர் சான் எந்த ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார்?” என்று, பெயரோடு மரியாதைக்குச் சேர்க்கும் ‘சான்’ போட்டுக் கேட்டார். ஏறாவூர் ஊரின் பெயர், அவர் பள்ளிக்கூட ஆசிரியை என்றேன். அவர் எழுந்து, திரையில் இருந்த அந்தப் பெயருக்குத் தலைகுனிந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

இதை றிஸானாவிடம் சொன்னேன். “என்ட புள்ளைகளுக்கு நீயே சொல்லு,” என்றாள்.

அப்படித்தான் ஒருநாள் அவளுடைய வகுப்பு என் கணினித் திரையில் வந்தது. வெள்ளைப் பர்தாவுடன் வரிசை வரிசையாகப் பிள்ளைகள். கேள்விக்கு மேல் கேள்வி. முன்வரிசைப் பிள்ளையொருத்தி கையை உயர்த்தினாள்.

“மிஸ், ஓம் எண்டு சொல்லக்குள்ள ஏன் ஒவ்வொருக்காலும் குனியிறீங்க?”

குனிவதே எனக்குத் தெரியாது; இங்கே வந்து தொற்றிய பழக்கம். வகுப்பு சிரித்தது, றிஸானா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். இனிக் குனிவதில்லை என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

“எங்கட மிஸ்தானா ஒங்கட பிழையப் புடிச்ச?” என்று அடுத்தவள் கேட்டாள்.

முதுகு அசையவில்லை. ஆனால் ஓம் என்பதற்குப் பதிலாக, ஜப்பானியர் அதற்குச் சொல்லும் ‘ஹாய்’ வாயில் வந்துவிட்டது.

“ஹாய், மிஸ்!” என்று வகுப்பு முழுவதும் எனக்குக் கையசைத்தது.