பேத்திக்கு வெயில் எழுதிக் கொடுத்த டாக்டர்

இன்றைக்குக் காலையில் என் பேத்தியைக் கோட்டாற்றில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நோய் ஒன்றுமில்லை. அவள் ஆபீசில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம், அந்தத் தாளைக் காட்டப் போனோம்.

"வைட்டமின் டி குறைவு. உடம்புக்குள்ள அழற்சியும் லேசா காட்டுது" என்றார்.

"டி குறைஞ்சதால அழற்சி வந்துதா, அழற்சி வந்ததால டி குறைஞ்சுதா?" என்று கேட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா இருக்கிறவங்களுக்கு அது எப்படின்னு இன்னும் தெளிவாத் தெரியல்ல அம்மா. ஆராய்ச்சி பண்ணுறவங்களும் இதத்தான் கேக்காங்க."

நான் படித்தது அஞ்சாம் கிளாஸ் வரைக்கும்தான். சும்மா சொல்லி வைக்கிறேன்.

மாத்திரையோடு, தினமும் பதினோரு மணி வெயிலில் கொஞ்ச நேரம் நிற்கவும் சொன்னார். எனக்குத் திக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை இவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நாலு மாசமாகப் பயறுமாவு தேய்த்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக்கு ஏறினாள். பின்னாலேயே போய்க் குடை பிடித்தேன்.

"ஆச்சி, குடை பிடிச்சா வெயில் எப்படிப் படும்?"

"ஏட்டி, கைகாலுல படட்டும். மூஞ்சி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்கு வேணும்."

அவள் சிரிக்கவில்லை. "கருப்பா இருந்தா வேண்டாம்னு சொல்லுற வீட்டுக்கு நான் எதுக்கு ஆச்சி போவணும்?" என்று கேட்டு, குடையை வாங்கி மடக்கிவிட்டாள்.



மாப்பிள்ளை வீட்டாருக்கு வேண்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லிவையுங்கள் மக்கா. பெண் ஞாயிற்றுக்கிழமை நிறத்தில் கொஞ்சம் குறைவாக இருப்பாள், சத்தில் கூடுதலாக இருப்பாள். சம்மதமென்றால் வரட்டும்.