கால் நேரான வருஷம்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் காஜா அக்கா. மூன்று தையல் கடைகளின் சட்டைகளுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பாள். வயது நாற்பத்து நான்கு. உட்கார்ந்து செய்கிற வேலைதான். முழங்கால் தேய்ந்ததற்குக் காரணம் அது இல்லை.

காரணம் மகள். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளை பாதித்து, நடக்கவோ பேசவோ வராமல் போனவள். பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். முப்பத்தெட்டு கிலோ. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மாடியிலிருந்து தெருவுக்கு என்று நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை தூக்கியாக வேண்டும். புருஷன் எப்போதோ கை கழுவிவிட்டுப் போய்விட்டான். இருப்பது லாரி ஓட்டுகிற தம்பி ஒருவன். அவனும் மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான்.

காஜா அக்காவின் வலது கால் வெளிப்பக்கமாக வளைந்துகொண்டே வந்தது. "உன் ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு பூனை தாராளமா போயிட்டு வரலாம்க்கா" என்று தம்பி கிண்டல் செய்வான். "போற பூனை வலியையும் கவ்விட்டுப் போனா நல்லா இருக்கும்" என்பாள் அவள்.

ஒரு நாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. எப்படியோ குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். காஜா அக்கா மறுவாரமே எலும்பு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி விரலால் காட்டினார். "உள்பக்கம் சுத்தமா தேய்ஞ்சிருக்கு. வெளிப்பக்கம் இன்னும் நல்லா இருக்கு."

"மூட்டு மாத்தணுமா டாக்டர்?"

"உங்க வயசுக்கு வேணாம்மா. தினமும் இவ்வளவு எடை தூக்கினீங்கன்னா செயற்கை மூட்டு சீக்கிரம் ஆட்டம் கண்டுடும். அப்புறம் திரும்பத் திறக்கணும், அது இன்னும் கஷ்டம்."

"மூட்டுல சின்னதா ஓட்டை போட்டுக் கழுவி விடுவாங்களாமே?"

"இவ்வளவு தேய்மானத்துக்கு அது பிரயோஜனப்படாது. முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி, கொஞ்சம் விரிச்சு, பிளேட் வச்சு காலை நேராக்கிடலாம். பாரம் நல்ல பக்கத்துக்கு மாறிடும். மூட்டு உங்களோடதாவே இருக்கும்."

"அதுக்கப்புறம் என் பொண்ணைத் தூக்கலாமா?"

"எலும்பு கூடினதும் தூக்கலாம். அதுக்கு நாலஞ்சு மாசம் ஆகும். முதல் ஆறு வாரம் அந்தக் காலை முழுசா ஊனவே கூடாது."

வாசல் வரை வந்தவள் திரும்பிப் போய், "கண்டிப்பா தூக்கலாம்ல?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

பாப்பாவைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் ஐந்து மாதத்துக்கு இடம் கிடைத்தது. மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தாள். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து ஊட்ட வேண்டும், ஒரு கரண்டி இறங்கிய பிறகுதான் அடுத்தது, அவசரப்படுத்தினால் புரையேறும், இடது பக்கம் படுத்தால்தான் தூங்குவாள். அங்கிருந்த நர்ஸ் முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டு, "நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க காலைப் பாருங்க" என்றாள். சொன்னபடி பார்த்துக்கொள்ளவும் செய்தாள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வாக்கரோடு வீடு திரும்பியவள், வலியைவிட வெறும் கட்டிலைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது என்று தம்பியிடம் சொன்னாள். தினமும் இரண்டு வேளை நர்ஸ் போனை பாப்பாவின் காதில் வைப்பாள். இவள் ஏதாவது பேசுவாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஐந்தாவது வாரம் அந்த மூச்சில் ஒரு கரகரப்பு கேட்டது. "சளி கட்டியிருக்கு, டாக்டரைக் கூப்பிடுங்க" என்றாள். நர்ஸ் ஏற்கெனவே கூப்பிட்டிருந்தாள். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் நீர் கோத்து, காய்ச்சல் இறங்கவே இல்லை.

தம்பி லாரி ஓட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, அக்காவை அலாக்காகத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தான். வார்டில் சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார்கள். ஆனால் கட்டில் உயரம். கை பாப்பாவின் தோள் வரைதான் எட்டியது.

"என் மடியில படுக்க வைடா."

"அக்கா, உன் காலு..."

"கால் கிடக்கட்டும். வைடா."

மூக்கில் குழாய் இருந்ததால் முழுதாகத் தூக்க முடியாது என்று வார்டு நர்ஸ் சொன்னாள். தம்பி ஒரு பக்கமும் நர்ஸ் ஒரு பக்கமுமாகப் பிடித்து, பாப்பாவைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, தலையை மட்டும் அவள் தோளில் சாய்த்து வைத்தார்கள். அவள் பாப்பாவின் காதோரம் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பாப்பா கண் திறந்து பார்த்ததாகத் தம்பி சொல்கிறான். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் அழவில்லை. அழாதது வீட்டுக்கு வந்தவர்களுக்கு உறுத்தியது. ஊன்றாத காலை ஸ்டூலில் நீட்டி வைத்தபடி, வந்தவர்களையெல்லாம் "உக்காருங்க" என்றாள்.

எலும்பு மட்டும் தன் பாட்டுக்குக் கூடிக்கொண்டிருந்தது. ஆறாம் மாதம் டாக்டர் புதுப் படத்தைப் பார்த்தார். தம்பி முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்தான். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "நல்லா கூடியிருக்கும்மா. இந்த மூட்டோட இன்னும் பத்துப் பதினைஞ்சு வருஷம் ஓட்டிடலாம்" என்றார்.

"பதினைஞ்சு வருஷமா?" என்று கேட்டாள், ஏதோ தண்டனையைக் கேட்பதுபோல்.

தினமும் அரை மணி நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். எதிரில் வருகிறவர்கள், "கால் எவ்வளவு நேரா ஆயிடுச்சு!" என்பார்கள். "ஆமா" என்பாள். ஒரு நாள் போனவள் இரண்டு மணி நேரமாகியும் திரும்பவில்லை. தம்பி தேடிக்கொண்டு போனான். நான்கு நிறுத்தம் தள்ளி, பஸ் ஸ்டாப் பெஞ்சில் காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இவ்வளவு தூரம் எதுக்குக்கா நடந்தே? வலிக்குதா?"

"வலிக்கலைடா" என்றாள். "எவ்வளவு நடந்தாலும் வலிக்கவே மாட்டேங்குதுடா."

அப்போதுதான் அழுதாள். தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். இரண்டு பஸ் வந்து நின்றுவிட்டுப் போயின.