பாரமா என்று கேட்க மறுத்தவர்

காலை ஷிப்டுக்குக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா அக்காவின் கணவர் போனில் அழைத்தார். "சிஸ்டர், ஜெசி தூக்கத்துலயே போயிட்டா" என்றார். முந்தின நாள் மாலைதான் அக்கா, எனக்கு வயசாகிவிட்டது என்று என்னைக் கேலி செய்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறியிருந்தார். கீழ்க்கட்டளை வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்த பிறகும் என் மனம் அதை ஏற்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாம்பரத்தில் நாங்கள் வேலை பார்த்த டயாலிசிஸ் பிரிவில் அவர் சமூகப் பணியாளர்; நான் நர்ஸ். ஊசி குத்துவது என் வேலை, வாயைப் பிடுங்குவது அக்காவின் வேலை. யார் வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களின் அன்றாடம் எப்படி இருக்கிறது என்று அறிய, வெளிநாட்டில் தயாரான கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது. 'வாசலில் குவிந்த பனியை அள்ள முடிகிறதா?' என்று அதில் ஒரு கேள்வி. "தாம்பரத்துல பனி கொட்டினா நானே வந்து அள்றேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் லாரியிலிருந்து நிறைகுடம் தூக்க முடிகிறதா என்று அக்கா அதை மாற்றினார். ஒவ்வொரு கேள்வியையும் நோயாளிகளிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்பார். வார்டே சிரிக்கும். அந்த நாட்களை நினைத்தால் இப்போது ஏக்கமாக இருக்கிறது.

சிரிப்பை நிறுத்தியது ஒரு கேள்வி. 'குடும்பத்துக்கு நீங்கள் பாரமாக இருப்பதாக நினைக்கிறீர்களா?' கோவளத்தில் மீன் விற்கும் குடும்பத்தைச் சேர்ந்த கன்னியம்மாவிடம் அக்கா அதைப் படித்தார். இல்லை என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார் கன்னியம்மா. ஆனால் அடுத்த முறை டயாலிசிஸுக்கு வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அப்படியே விட்டால் உடம்பில் நீர் ஏறி உயிர் போய்விடும். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

முகமும் காலும் வீங்கி, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் கன்னியம்மா.

"நீங்கல்லாம் படிச்சவங்க. சும்மாவா கேப்பீங்க? நான் பாரம்னு தெரிஞ்சிதானே கேட்டீங்க?"

அந்த நேரம் மருமகள் வாசலில் வந்து நின்று, வியாபாரி வஞ்சிரத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான், கொடுக்கலாமா என்று மாமியாரைக் கேட்டாள். அந்த இரைப்பிலும், ஐஸ் போட்டு வை, சாயந்திரம் நாமே விற்கலாம் என்று சீறினார் கன்னியம்மா. அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் கேட்டது தப்புக் கேள்வி, கன்னியம்மா. உன்னைக் கேக்காம இந்த வீட்ல ஒரு மீன் வெளிய போகலை. நீ இருக்கணும். எழுந்திரு."

அன்றே ஆட்டோவில் அழைத்து வந்தோம்.

அதன்பின் அந்தக் கேள்வியை யாரிடமும் படிக்க மாட்டேன் என்று அக்கா மறுத்துவிட்டார். கேள்வியை எடுத்தால் மற்ற நாடுகளில் கிடைத்த பதில்களோடு ஒப்பிட முடியாது, இஷ்டமில்லையென்றால் விலகிக்கொள்ளுங்கள் என்றார் தலைமை மருத்துவர். "ஒரு கேள்வி கேட்டு இந்த வார்டுல யாரும் சாகக் கூடாது, சார்" என்றார் அக்கா. விலகவும் இல்லை. கேள்வித்தாளைத் தயாரித்தவர்களுக்கே காரணத்தை எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். கடைசியில் அவர்கள் சம்மதித்தார்கள். 'வீட்டில் முடிவெடுக்கும்போது உங்களைக் கேட்கிறார்களா?' என்பதே இன்று எங்கள் தாளில் இருக்கிறது. சம்மதம் வந்த நாளில் எங்களுக்கெல்லாம் மசால்வடை வாங்கினார். உப்பு ஆகாத நோயாளிகளின் கண்ணெதிரே தின்னக் கூடாது என்று மாடிப்படிக்கு விரட்டினார்.

அடக்கத்துக்கு மறுநாள் கன்னியம்மாவின் முறை. டயாலிசிஸ் முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். படுக்கும்போதே, அந்தம்மா எங்கே என்று கேட்டுவிட்டார். சொன்னேன்.

"என்னை இருன்னு சொல்லிட்டு, அந்தம்மா பூட்ச்சா?" என்றார். பிறகு ஊசிக்காகக் கையை என் பக்கம் நீட்டினார்.

போய் வாருங்கள், அக்கா. இன்று டயாலிசிஸுக்கு வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.