பின்பக்கம் பார்த்த பீரங்கிகள்: ஹனீபா காக்கா

ஹனீபா காக்கா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி, மாதிரி டாங்கிகள் செய்யும் நமது ஞாயிற்றுக்கிழமைக் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. மகள் ரிஸானா போட்டிருந்தாள். அதற்கு நேர் மேலே, முதல்நாள் பின்னேரம் காக்கா அனுப்பிய படம் இருந்தது. வெள்ளைத் துவாய் ஒன்றின்மேல், சாணுக்குச் சற்றுக் குறைந்த இரண்டு அலுமினியப் பீரங்கிக் குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. கீழே, "எது சரி, சொல்லுங்க மச்சான்மாரே" என்று ஒரு கேள்வி. நாம் எல்லோரும் பதில் சொல்லியிருந்தோம். வழக்கம்போல ஆளுக்கொரு பதில்.

கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது வாவி அசையாமல் கிடந்தது. தூரத்தில் தோணி ஒன்று நிற்கிறதா போகிறதா என்று தெரியவில்லை. காத்தான்குடிக்கு எத்தனையோ தடவை போன வழி, அன்று முடியாமல் நீண்டுகொண்டே போனது. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மையவாடி வாசலில் நின்றபோதும் மனம் அந்தப் படத்தைத்தான் சுற்றியது. மனிதர் போய்விட்டார், நான் அவருடைய குழலை அளந்துகொண்டு நிற்கிறேன். கேள்விப்பட்டால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அவரை நேரில் அறியாத குழு நண்பர்களுக்குச் சொல்கிறேன். காக்கா துணிக்கடைக்காரர். இளவயதில் வளைகுடாவில் களஞ்சிய வேலை பார்த்தார். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் போர்வையும் பால்மாவும் கொண்டுவர, அவர் பெட்டி பெட்டியாக, ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் டாங்கிகளைக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் பிரிட்டிஷ் டாங்கிகள். காரணம் கேட்டால், "அவன் ஒருத்தன்தான் மனே டாங்கிக்குள்ள தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி காய்ச்ச ஏனம் வச்சிருக்கான். நம்மட ஆள்" என்பார்.

அவர் வீட்டு அலுமாரியை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்த ஒவ்வொரு டாங்கியும் தன் சுழலும் தலையைப் பின்னுக்குத் திருப்பி, குழலை எஞ்சின் மூடிக்குமேல் அதைத் தாங்கிப் பிடிக்கும் கவையில் சாய்த்து வைத்திருந்தது. குழல் நுனிகள் எல்லாம் சுவரைப் பார்த்தன.

"என்ன காக்கா, எல்லாரும் தோத்து ஓடுறானுகளா?" என்றேன்.

"ஓடல்ல மனே. வேலை முடிஞ்சி வீட்ட போறானுகள்."

தூரப் பயணத்தில் நிஜ டாங்கிகளும் அப்படிக் குழலைப் பூட்டிக்கொண்டுதான் போகும். ஆனால் உண்மைக் காரணம் அடுப்படியில் இருந்தது. நம் பகுதி வழக்கப்படி வீடு பெண்ணுடையது. காக்கா மாப்பிள்ளையாக வந்து ஏறிய வீடு அது. அவருடைய மனைவி சுபைதா ராத்தா சிறுமியாக இருந்தபோது, ஒரு பகல் முழுவதும் அதே வாசலுக்கு எதிரே கவச வாகனம் ஒன்று குழலை வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றதாம். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத பகல் ராத்தாவை விட்டுப் போகவேயில்லை. முதல் பெட்டியை அவிழ்த்த அன்றே சொல்லிவிட்டார்: "இந்த வீட்டுக்குள்ள ஒரு குழலும் ஆளப் பாத்து நிக்கப்படாது." காக்கா மறுபேச்சுப் பேசவில்லை. "வீடு அவட. டாங்கி மட்டும்தான் என்ட" என்று நம்மிடம் சொல்லிச் சிரிப்பார்.

குழலின் அளவு விஷயத்தில் அவர் ஏன் அப்படி உயிரை வாங்கினார் என்பது எனக்கு என் சொந்த டாங்கியில்தான் விளங்கியது. கொமட் என்ற பிரிட்டிஷ் டாங்கி ஒன்றைச் செய்து, பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் குழலை எறிந்துவிட்டு, உலோகக் குழல் வரவழைத்துப் பூட்டி, மாதக்கணக்காக எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். காக்கா அதைக் கையில் வாங்கினார். தலையைப் பின்னுக்குச் சுழற்றிக் குழலைக் கவையில் படுக்க வைத்தார். நுனி, வண்டியின் பின்பக்கத்தைத் தாண்டிப் பெட்டிப் படத்தில் உள்ளதைவிட விரலகலம் கூடவே நீட்டிக்கொண்டிருந்தது. நான் பூட்டியிருந்தது கொமட்டின் குழலே அல்ல. அதன் அண்ணன்முறையான பதினேழு பவுண்டர் என்ற பெரிய பீரங்கியின் குழல்.

"வால் நீண்டு போச்சே மனே," என்றார். "முன்னுக்கு நீட்டின குழல் ஆகாயத்தில நிக்கும். கூடினாலும் குறைஞ்சாலும் ஆருக்குத் தெரியும்? பின்னுக்குப் போட்டா கவை ஒரு இடத்தில, வண்டிட வால் ஒரு இடத்தில. பொய் சொல்ல ஏலாது."

கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு இருவருமாகப் போனோம். பார்க்க வந்த பெரிய மனிதர் ஒருவர் அவருடைய டாங்கிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஒன்றையாவது முன்னால் திருப்பி வையுங்கள், பரிசு உங்களுக்குத்தான்" என்றார். காக்கா புன்னகைத்துவிட்டுப் பெட்டியை மூடினார். திரும்பும் ரயிலில் வெலிக்கந்தைக் காடு தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வருத்தமா, தூக்கக் கலக்கமா, எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை.

கடைசியாக அவர் மேசையில் இருந்தது சென்சூரியன் என்ற டாங்கி. அதில் குழல் தேர்வது பெரிய தலையிடி. ஒரே வண்டிக்கு முதலில் மெலிந்த, வழுவழுப்பான இருபது பவுண்டர் குழல் போட்டார்கள். பிறகு நடுவில் வெடிப்புகையை இழுக்கும் உருளை புடைத்த தடித்த குழலுக்கு மாற்றினார்கள். படத்தில் காக்கா கேட்டது இந்த இரண்டையும்தான். எந்தக் காலத்து வண்டி என்று தெரிந்தால்தான் எந்தக் குழல் என்று தெரியும். நெஞ்சு வருத்தம் முற்றி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கிய நாட்களிலும் காக்கா பூதக்கண்ணாடியோடு அதன்மேல்தான் குனிந்திருந்தார்.

சில கிழமைகளுக்குப் பிறகு ரிஸானா கூப்பிட்டாள். அந்தச் சென்சூரியனை நான்தான் முடித்துக் கொடுக்க வேண்டுமாம். போனேன். ராத்தா இத்தாவில் இருந்தார், கணவனை இழந்த பெண் பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம். நான் முன் அறையில் காக்காவின் மேசையடியில், அவர் திரைச்சீலைக்கு அப்பால். குரல் மட்டும் வந்தது.

"தம்பி, உங்களுக்குத்தான் அவர்ர மனம் தெரியும். ஒண்டையாவது முன்னுக்குப் பாக்க வைக்க அவருக்கு ஆசை இருந்திச்சா? நான்தான் விடல்ல. இப்ப படுத்தாலும் அதுதான் ஓடுது."

ரயில் ஜன்னல் ஞாபகம் வந்தது. தெரியாது ராத்தா என்றேன்.

"அப்ப இத முன்னுக்கு வைங்க. நான் பயப்பிடல்ல. ரிஸானா, அதக் கொண்டா, நானே திருப்பி வைக்கிறன்."

ரிஸானா குழல் இல்லாத சென்சூரியனைத் திரைக்கு அப்பால் கொண்டுபோனாள். காத்திருந்தேன். வெளியே ஐஸ்கிரீம் வண்டி ஒன்று பாடிக்கொண்டு போனது.

"திரும்புதில்லயே, தம்பி."

வாங்கிப் பார்த்தேன். பின்னுக்குத் திருப்பிய தலை, உடலோடு ஒட்டப்பட்டிருந்தது. பசை தவறி ஒழுகிய ஒட்டு அல்ல. சுற்றிவரத் துப்புரவாக இட்டு, காயவிட்டு, தேய்த்த ஒட்டு. குழல் பூட்டுமுன் தலையை ஒட்டுவது இந்தத் தொழிலில் நேற்று வந்தவன்கூடச் செய்யாத வேலை. கவையின் வளையமும் மெலிந்த குழலின் பருமனுக்கு அராவப்பட்டிருந்தது. அதாவது, எது சரி என்று நம்மைக் கேட்டபோதே அவர் முடிவு செய்துவிட்டிருந்தார். நம்மை மோதவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார், கள்ளன்.

"ராத்தா, இதைக் காக்கா வேணுமெண்டுதான் ஒட்டியிருக்கார். தனக்குப் பிறகும் ஒருத்தரும் முன்னுக்குத் திருப்பப்படாதெண்டு."

உள்ளே மூக்குறிஞ்சும் ஒலி. "அப்ப அப்பிடியே இரிக்கட்டும்" என்றார். நான் மெலிந்த குழலைச் செருகிக் கவையில் படுக்க வைத்தேன். மயிரிழை பிசகவில்லை. எனக்குக் கண் மறைத்தது, அதனால் இரண்டாம் தடவையும் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

காக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தலைகீழ் வரிசையைத்தான். கூட இருக்கிறவளுக்கு எது வேண்டும் என்பதை முதலில் ஒட்டிவிட வேண்டும். சரியான குழலைத் தேடுவது அதற்குப் பிறகு.