பதினாலாவது ஆள்

என் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. பதினொரு வருஷமாக இப்படித்தான். செங்கல்லைத் தூக்கினால் இரண்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும், யாரையோ காட்டிக்கொடுக்கிற மாதிரி. யாரை என்று கேட்டால் என் அக்காவை என்று சொல்வேன்.

அன்றைக்கு நாங்கள் சாரத்தின்மேல் நின்று, ஒரு ஜன்னலுக்கு மேலே காங்கிரீட் லிண்டலை ஏற்றிக்கொண்டிருந்தோம். எதிர்ப்பக்கம் பிடித்தவன் நழுவவிட்டான். என் விரலின்மேல் அது உட்கார்ந்தது. ஆம்புலன்ஸுக்கு அடித்தோம், வருகிற வழியாகத் தெரியவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு அக்கா வேலை பார்த்த டாக்ஸி ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்கே போன் எடுத்து வண்டி அனுப்புகிறவள் அவள்தான்.

"நான்தான். கை நசுங்கிடுச்சு. உடனே ஒரு வண்டி அனுப்பு."

"எந்த இடம்?"

சொன்னேன்.

"நீ பதினாலாவது. ரோட்டோரமா வந்து நில்லு, டிரைவர் உன்னைத் தேடிக்கிட்டு இருக்கக் கூடாது."

வைத்துவிட்டாள். ரத்தம் சொட்டச் சொட்ட முக்கால் மணி நேரம் ரோட்டில் நின்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணிப் பாத்திருக்கலாம்" என்றார். அந்த அரை மணியைத்தான் இன்றுவரை சுமக்கிறேன்.

அக்கா போய் ஐந்து மாதம் ஆகிறது. செத்தவளைப் பற்றி எழுதினால் நல்லதாக எழுதுங்கள் என்கிறாள் என் மனைவி. நடந்ததைத்தான் எழுத முடியும். அதில் நல்லது ஏதாவது இருந்தால் அதுவாக வரட்டும், நான் தேடிப் போக மாட்டேன்.

டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, அதுதான் டாக்ஸி ஆபீஸ். அங்கே ஒரு கிழிந்த நாற்காலியில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தாள். ஊரில் எந்தத் தெரு எங்கே முட்டும், எந்தச் சந்தில் காரைத் திருப்ப முடியாது, எந்த வீட்டு நாய் டிரைவரைக் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்தத் தெருக்களில் பாதியில் அவள் கால் வைத்ததே இல்லை. டிரைவர்கள் அவளைக் 'கன்ட்ரோல் அக்கா' என்பார்கள். என்னைவிட உயரமான ஆட்கள்கூட அவள் குரல் கேட்டால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். கல்யாணமும் நடந்தது. வேலையை விடு என்றாராம் மாப்பிள்ளை. இவள் வேலையை விடவில்லை, அவரை விட்டாள்.

முதலாளியே ஒருநாள் தன் மாமியாருக்கு வண்டி கேட்டதாகவும், இவள் அவரை ஆறாவது ஆளாகப் போட்டதாகவும் டிரைவர்கள் சொல்வார்கள். நான் நம்பவில்லை. முதலாளி என்றால் குழைந்திருப்பாள், தம்பி என்பதால்தான் இளக்காரம் என்றே நினைத்தேன்.

எங்கள் வீடு அப்பா விட்டுப்போன வீடு. முன்பக்கம் இரண்டு அறை எனக்கு, பின்பக்கம் ஒரு அறையும் சமையல்கட்டும் அவளுக்கு, நடுவில் ஒரு நடை. கைக்கட்டு அவிழ்த்த மூன்றாம் வாரம் அந்த நடையை அடைத்துச் சுவர் வைத்தேன். நான் கொத்தனார், கூலிக்கு ஆள் தேவையில்லை. சும்மா வைக்கவில்லை. ஒன்பது அங்குலச் சுவர். விரிசல் விடாமலிருக்க மூலையில் மட்டும் வைக்கிற கம்பி வலையை இரண்டு பக்கமும் முழுக்க விரித்து அதன்மேல் பூசினேன். அவள் குரல் ஒரு சொட்டுக்கூட என் பக்கம் வரக் கூடாது. அதன்பிறகு அவள் பக்கத்துச் சந்து வழியாகப் போனாள், நான் தெருவாசல் வழியாகப் போனேன். பத்து வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனைவி மட்டும் இரண்டு பக்கமும் போய் வருவாள். அவள் சுபாவம் அப்படி.

போன வருஷம் மழையில் ஆபீஸ் படிக்கட்டில் வழுக்கி அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி வந்தாள். நாலு அடி நடக்கலாம், மாடி ஏறக் கூடாது. முதலாளி ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, வீட்டிலிருந்தே போன் எடுக்கச் சொன்னார். இப்போது அழைப்பெல்லாம் இன்டர்நெட் வழியாகத்தான் வருகிறதாம். ஆனால் ஒரு நிபந்தனை: வருகிற திங்கட்கிழமை முதல், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை லைன் அறுபடாமல் இருக்க வேண்டும். அறுந்தால் அந்த நாற்காலிக்கு வேறொரு பெண் தயாராக இருந்தாள்.

பின்பக்கத்தில் செல்போன் சிக்னல் ஒரு கோடு நிற்கும், அதுவும் ஜன்னலில் தொங்கினால். புது இன்டர்நெட் லைனுக்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். சந்து வழியாக வயர் இழுக்கலாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரன் தன் சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டான். மீதி இருந்தது என் வீட்டு வைஃபை.

"என்னங்க, அண்ணிக்கு நம்ம லைனைக் குடுங்க" என்றாள் மனைவி. "அந்த வேலையும் போச்சுன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?"

"அவளே வந்து கேக்கட்டும்."

"நடக்க முடியாதவங்க எப்படி வருவாங்க?"

"அப்ப சொல்லி அனுப்பட்டும்."

போய்விட்டு வந்தாள். "சொல்லி அனுப்பியிருக்காங்க."

"என்னன்னு?"

"'கேக்கல்லாம் மாட்டேன், சொல்றேன். திங்கக்கிழமை எட்டு மணிக்கு லைன் வேணும்'னு."

திமிரைப் பாருங்கள். ஆனாலும் வேலை போனால் அவள் நாள் முழுக்கப் பின்னால் உட்கார்ந்து என் மனைவியை வறுத்தெடுப்பாள், என் மனைவி என்னை வறுப்பாள். சனிக்கிழமை கடைக்குப் போய், வைஃபை சிக்னலை வாங்கி இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிவிடுகிற ரிப்பீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். சோப்புப் பெட்டி அளவு, பின்னால் பிளக். ரௌட்டர் பக்கத்தில் சொருகி, ரௌட்டரில் ஒரு பட்டன், இரண்டு நிமிஷத்துக்குள் இதில் ஒரு பட்டன். சிவப்பாக இருந்த விளக்கு பச்சையானது. இதற்குப் போய் ஆள் வைக்கிறார்களே என்று நினைத்தேன்.

அதைப் பிடுங்கிக்கொண்டு சந்து வழியாக அவள் அறைக்குப் போனேன். பத்து வருஷத்தில் முதல் தடவை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் லேப்டாப், தலையில் ஹெட்செட் தயாராக. என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தாள்.

"வந்தவரு செருப்பைக் கழட்டச் சொல்லும்மா. இப்பத்தான் துடைச்சிருக்கு."

"பிளக் எங்க இருக்குன்னு கேளு" என்றேன் மனைவியிடம்.

"கண்ணு இருந்தா தெரியும்னு சொல்லு."

கட்டில் தலைமாட்டில் சொருகினேன். லேப்டாப்பில் எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் வந்தது.

"பாஸ்வேர்டு என்னன்னு கேளும்மா."

மனைவி தரையைப் பார்த்தாள். லைன் போட வந்தவர், மறக்கவே முடியாத ஒன்றைப் பாஸ்வேர்டாக வையுங்கள் என்று சொல்லியிருந்தார். அப்போது நான் சொன்னதை அவர் ஆங்கில எழுத்தில் அடித்தார். நாலு வருஷமாக அதுதான். இப்போது வேறு வழியில்லை. அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"நீ பதினாலாவது."

அவள் விரல் ஒரு நொடி நின்றது.

"எழுத்துலயா, நம்பர்லயா?"

"எழுத்துல. நடுவுல இடைவெளி கிடையாது."

அடித்தாள். திரையில் சிக்னல் கோடெல்லாம் முழுசாக நின்றது. ஆனால் டாக்ஸி ஆபீஸ் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. ரிப்பீட்டரில் சிவப்பு விளக்கு.

"பாக்க முழுசா நிக்குது, உள்ள ஒண்ணும் இல்ல" என்றாள். "யார் கொண்டாந்ததோ, அவரை மாதிரியே."

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணே, சிக்னலே வராத எடத்துல வச்சா அது எதைண்ணே திருப்பி அனுப்பும்? சிக்னல் நல்லா இருக்கிற எடத்துக்கும் இல்லாத எடத்துக்கும் நடுவுல வைங்க" என்றார்.

நடு என்றால் என் சுவர். என் பக்கம் சுவரை ஒட்டிச் சொருகினேன், பச்சை வந்தது. சந்து வழியாக ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் பக்கம் அரைக் கோடு, அதுவும் வந்து வந்து போனது. மறுபடி கடைக்காரர்.

"சுவருக்குள்ள இரும்புத் தகடு, வலை ஏதாச்சும் இருக்காண்ணே? இருந்தா சிக்னலை அப்படியே மறிச்சிடும்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

போனை வைத்தேன். கட்டிலிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்தே பேசினாள்.

"பொய் சொல்றான் பாரு. ரெண்டு நாளு கத்திரியால வலை வெட்டுற சத்தம் கேட்டுச்சுடா. வீட்டு நடைக்கு வலை வச்சுச் சுவர் கட்டுனவனை நான் உன்னைத் தவிர பாத்ததில்ல. ஜெயிலு கட்டுறியோன்னு நெனச்சேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உளியும் சுத்தியலும் எடுத்தேன். என் பூச்சு, என் கலவை, உடைய மாட்டேன் என்றது. இரண்டு மணி நேரத்தில் முதல் கல் போனது. அந்தப் பக்கம் லேப்டாப்மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, தூசிக்குள் உட்கார்ந்திருந்தாள். ஓட்டை வழியாக அவள் முகம் தெரிந்தது.

"கோணலா உடைக்கிற."

"வந்து நீ உடையேன்."

வலையை வெட்டும்போது கம்பி புறங்கையைக் கிழித்தது. பத்து வருஷம் அடக்கியது வாயில் வந்துவிட்டது.

"அன்னிக்கு எனக்கு முன்னாடி இருந்த பதிமூணு பேரும் என்ன, செத்துக்கிட்டா இருந்தாங்க?"

"தெரியாது. நான் யாரையும் கேக்கறதில்ல. அவங்களும் யாருக்காவது தம்பியா இருந்திருப்பாங்க."

"நீ எனக்கு அக்காவா இல்லையா?"

"வீட்டுல அக்காதான்."

"வீட்டுலயும் வேணாம்" என்று சொல்லிவிட்டு உளியை ஓங்கினேன். மத்தியானத்துக்குள் ஓட்டை வேண்டிய அளவுக்கு வந்தது.

ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வலையை நாலு பக்கமும் மடக்கி, ஓட்டையின் அடியில் ஒரு பலகை வைத்து, என் பக்கத்திலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து ரிப்பீட்டரை அதில் நிறுத்தினேன். பச்சை. லேப்டாப்பிலும் சுற்றல் நின்றது.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று மேஸ்திரியிடம் சொன்னேன். ரிப்பீட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுப் பொருள், கெட்டுப்போனால் என் தலையில்தானே விடியும். மாலை ஆறு மணிக்கு அந்தப் பக்கம் ஹெட்செட்டைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. நூற்றுப் பன்னிரண்டு அழைப்பு, ஒன்றுகூட அறுபடவில்லையாம். என் மனைவியிடம் சொன்னாள். என்னிடம் நன்றியெல்லாம் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் குரல் என் வீட்டுக்குள்தான். காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கும். "எங்க நிக்கிறீங்க?" "ஏழாவது சார், வெயிட் பண்ணுங்க." "மினிஸ்டரா இருந்தாலும் ஏழாவதுதான் சார்." எதைக் கேட்கக் கூடாது என்று சுவர் கட்டினேனோ அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். ஒருநாள் முதலாளியே லைனில் வந்து மகளுக்கு வண்டி கேட்டார். ஒன்பதாவது என்றாள். கையில் எடுத்த தண்ணீர் டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தேன். எரிச்சல் குறையவில்லை, கூடத்தான் செய்தது. பத்து வருஷமாக இவளுக்கு நான் மட்டும்தான் இளக்காரம் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லையாம்.

எங்களுக்குள் பேச்சு என்றால் தினமும் எட்டு மணிக்குக் கால் மணி முன்னால்.

"டேய், பச்சையா?"

"பச்சை."

அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். சிமென்ட் வராததால் வீட்டில் இருந்தேன். ஓட்டை வழியாக அவள் பக்கத்து அழைப்பு மணி கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாவது மணி அடிக்க அவள் விட்டதே இல்லை. ஐந்து, ஆறு என்று அடித்தது. சந்து வழியாக ஓடினேன். நாற்காலியில் சாய்ந்திருந்தாள், குளித்த மாதிரி வியர்வை, ஒரு கை நெஞ்சில். பின்னாலேயே வந்த மனைவி ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். முப்பத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார்கள்.

லேப்டாப்பைத் திருப்பினேன். எட்டு மாதம் ஓட்டை வழியாகப் பார்த்ததில் எதை அமுக்கினால் என்ன வரும் என்று தெரியும். வரிசையில் மூன்று பேர் இருந்தார்கள். எங்கள் தெருவை அடித்தேன். பெயர் என்ற கட்டத்தில் 'அக்கா' என்று அடித்து, மூன்று பேருக்கும் மேலே தூக்கி வைத்தேன். அவள் கண் திரையில் இருந்தது.

"யாருடா அது, அக்கா?"

"நீதான்."

"மேல எதுக்கு இருக்கு?"

ஆறு நிமிஷத்தில் வண்டி வந்தது. டிரைவரும் நானும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். மனைவி கூடப் போனாள். ஆஸ்பத்திரியில் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள், பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். அதனால் வண்டி வருவதற்கு முன்னால், அந்த நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டே அவள் கேட்ட இரண்டு காரியம்தான் என்னிடம் கடைசியாகக் கேட்டது. முதலாவதை நான் செய்யவில்லை. இரண்டாவதை, மாலை ஆறு மணிக்கு அவள் ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் செய்தேன்.

"என்னை நாலாவதுக்கு இறக்கு. இறக்கிட்டு அந்த ஹெட்செட்டை எடுத்து மாட்டு, மூணு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."