அவர் கொடுக்காத ரைட்

கண்டக்டர் கோவிந்தராசு இறந்துபோன செய்தி, ஓய்வு பெற்ற எங்கள் பணிமனை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. நான் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். மாரடைப்பு, காரிமங்கலத்தில் அவர் வீட்டில் இன்றே அடக்கம் என்று போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அவரோடு பதினோரு வருடம் ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் நான் என்பதால், நானே நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். எழுதுகிறேன். படித்து முடித்தபின் நீங்கள் என்னை எப்படி ஏசினாலும் சரி.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் பெயரோடு சேர்ந்தே காதில் விழுவது 'ரைட்' என்ற வார்த்தைதான். எல்லாக் கண்டக்டரும் சொல்வதுதான், ஆனால் இவர் வாயில் அது பத்து ஆள் வேலை பார்க்கும். வண்டி கிளம்ப ஒரு ரைட். லாரி உரசுகிற மாதிரி வந்தால் "ரை...ட், ரை...ட்" என்று இழுப்பார், மெல்லப் போ என்று அர்த்தம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது "ரைட்டுல ஒடிங்கண்ணா" என்பார். சில்லறைக்கு மல்லுக்கு நிற்பவரிடம் "ரைட்டுங்க, எறங்கறப்ப வாங்கிக்கங்க" என்பார். படியில் தொங்கும் காலேஜ் பையன்களை லெஃப்ட் ரைட் வாங்குவார். மேனேஜர் கத்தினால் "ரைட்டுங்க சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒருமுறை தினமும் வரும் வாத்தியார் ஒருவர், "ஏங்க, இங்கிலீஷ்ல உங்களுக்கு இந்த ஒரு வார்த்ததான் தெரியுமா?" என்று சீண்டினார். "இத வெச்சேதாங்க வூட்ல அடுப்பு எரியுது. இன்னொன்னு எதுக்குங்க?" என்றார் கோவிந்தராசு. வண்டியே சிரித்தது.

அந்த வார்த்தையில் அவ்வளவு விளையாடியவர், வண்டியைக் கிளப்ப அதைச் சொல்லும்போது மட்டும் விளையாட மாட்டார். முன்படி, பின்படி இரண்டையும் கண்ணால் பார்க்காமல் ரைட் வராது. ஒருநாள் படியில் ஒருவரும் இல்லை, நான் ஹாரன் அடிக்கிறேன், ஜனங்களே "ரைட், ரைட்" என்று கத்துகிறார்கள், இவர் மட்டும் வாய் திறக்கவில்லை. பார்த்தால், இறங்கிப்போன ஒரு ஆள் பின்ஏணியில் ஏறி, வண்டிக்கு மேலே தன் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். அவரை மறக்காமல் இருந்தது கோவிந்தராசு ஒருவர்தான். "நான் ரைட்டுன்னு சொல்லிட்டா அப்பறம் அந்த உசுரு என் பொறுப்புங்கண்ணா" என்றார்.

எனக்கோ வேறொரு பெருமை இருந்தது. ரைட் சொல்வதற்கு முன் அவர் ஒரு மூச்சு இழுப்பார். அத்தனை வருடம் கேட்டுக் கேட்டு, அந்த மூச்சுக்கே கிளட்சை விடப் பழகியிருந்தேன். நாளாக ஆக, மூச்சுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. இந்நேரம் சொல்லியிருப்பார் என்று தோன்றினாலே வண்டி நகர்ந்துவிடும். "சொல்றதுக்கு மின்னால எடுக்காதீங்கண்ணா" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். "உன் வாயி எப்பத் தொறக்கும்னு உன்னைவிட எனக்குத் தெரியும்யா" என்று நான் பீற்றிக்கொள்வேன்.

அன்று காரிமங்கலம் சந்தை நாள். வண்டியில் எள் போட்டால் விழாது. பின்னால் ஒரு தனியார் பஸ் நெருக்கிக்கொண்டு வந்தது. ஒரு நிறுத்தத்தில் நாலைந்து பேர் இறங்கினார்கள். கோவிந்தராசு நடுவில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, பின்படியை எட்டிப் பார்த்தபடி இருந்தார். நான் வழக்கம்போல எடுத்துவிட்டேன். கூடையோடு கடைசிப் படியில் ஒரு கால் வைத்திருந்த அம்மா ரோட்டில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதன்பின் அவர் கோல் இல்லாமல் நடக்கவில்லை.

விசாரணையில் முதல் கேள்வியே, யார் ரைட் கொடுத்தது என்பதுதான். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "நான்தாங்க சார். பாக்காம குடுத்துட்டேன்" என்றார் கோவிந்தராசு. வெளியே வந்ததும், "உங்களுக்கு லைசென்ஸே போயிருங்கண்ணா. எனக்கு இன்கிரிமென்ட்தான் போவும்" என்றார். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைச் சஸ்பெண்ட் செய்து, பிறகு அரூர் பக்கம் மாற்றினார்கள். சொந்த ஊரிலேயே அவரை 'பொம்பளையத் தள்ளிவுட்ட கண்டக்டர்' என்றார்கள். அந்த அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனவரும் அவர்தான். அந்த அம்மாவின் மகன் இவர் சட்டையைப் பிடித்தபோது, "ரைட்டுங்க, தப்பு என்னுதுதாங்க" என்று நின்றாராம். நான் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

சில வருடம் கழித்து அதியமான்கோட்டையில் ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். "கோவிந்தராசு, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். "ரைட்டு, வுடுங்கண்ணா" என்று டீயை என் கையில் கொடுத்தார். விட்டுவிட்டேன். எப்போது விடச் சொல்வார் என்று காத்திருந்தவன் போல அத்தனை சந்தோஷமாக விட்டேன். அந்த டீ நன்றாக இருந்தது என்பதுகூட நினைவில் இருக்கிறது. நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடக்கத்துக்குப் போனேன். மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் மனைவி ருக்மணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, நீங்க கூடவே இருந்தவருங்க. அன்னிக்கி நெசமாலுமே இவுரு பாக்காமதான் ரைட் குடுத்தாருங்களா? இத்தன வருசமா கேட்டுப் பாத்துட்டேன். வாயே தொறக்கல."

உண்மை தெரிந்த இன்னொரு ஆள் கண்மூடிக் கிடந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி. "சந்தக் கூட்டம்மா. யாரும் வேணும்னு செய்யல" என்றேன். ருக்மணி, "ரைட்டுங்கண்ணா" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். வீடு வந்து சேரும்வரை அந்தக் குரல் என்னை விடவில்லை.

ருக்மணி தங்கச்சி, அன்று உங்கள் வீட்டுக்காரர் ரைட் கொடுக்கவில்லை. அவர் படியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான்தான் எடுத்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் இதை என் வாயால் சொல்கிறேன். விழுந்த அந்த அம்மாவின் வீட்டுக்கும் போகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று, விபத்தே இல்லாமல் வண்டி ஓட்டியவர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறேன். கோவிந்தராசுவின் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதில் பெயர் மட்டும் என்னுடையது.